பாதி வழியில் ஒரு பட்டணம்

கனடா நாட்டின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து பசிபிக் கடற்கரைவரை விரலை நகர்த்திப் பாருங்கள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. இத்தொலைவு முழுவதையும் இணைக்கும் நெடுஞ்சாலை சில இடங்களில் இரண்டாகப் பிரிந்து, மீண்டும் ஒன்று சேர்ந்து செல்கிறது. ஓரிடத்தில் மட்டும் அதற்குக் கிளை கிடையாது. சுபீரியர் ஏரிக்கு வடக்கே, நிப்பிகான் என்னும் சிற்றூரின் ஆற்றுப் பாலத்தில், கிழக்கும் மேற்கும் ஒரே சாலையில் சேர்கின்றன. 2016 ஜனவரியில் கடுங்குளிர் நாளொன்றில், புதிதாகத் திறக்கப்பட்டிருந்த அப்பாலத்தில் போல்ட்டுகள் முறிந்து, தளம் ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் உயரத்துக்கு மேலெழும்பிவிட்டது. கிழக்குக் கனடாவிலிருந்து மேற்குக் கனடாவுக்குத் தம் நாட்டு மண்ணிலேயே காரோட்டிச் செல்ல அன்று மக்களுக்கு வழியில்லை. அமெரிக்க எல்லைக்குள் நுழைந்து சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. மறுநாள் ஒரு பக்கம் திறந்துவிடப்பட்ட பிறகே வண்டிகள் ஊர்ந்தன.

அந்தப் பாலத்தைக் கடந்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தென்மேற்கே சென்றால் ஏரிக்கரையில் ஒரு பட்டணம் வருகிறது. பெயர் தண்டர் பே. இடியின் விரிகுடா என்று பொருள். டொரன்டோவிலிருந்து 1,400 கிலோமீட்டர். வின்னிபெக் நகருக்கு இன்னும் 700 கிலோமீட்டர். விமானத்தில் செல்வோர் இதன் மேலே பறந்து போய்விடுவர். சாலையில் செல்வோர் ஓரிரவு தங்கி, பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புறப்பட்டுவிடுவர். நாங்கள் தங்கியது இரண்டு இரவுகள்.

‘நாங்கள்’ என்றது யார் யார் என்று சொல்லிவிட வேண்டும். டொரன்டோவில் வாழும் என் தமக்கையின் மகனுக்குக் கால்கரி நகரில் வேலை கிடைத்தது. அவனும் அவன் மனைவியும் வீட்டுப் பொருள்களை லாரியில் அனுப்பிவிட்டுக் காரிலேயே போவதென்று முடிவு செய்தனர். அக்காவையும், விருந்தாளியாகச் சென்றிருந்த என்னையும் விமானத்தில் வரச் சொன்னார்கள். நான்கு மணி நேரப் பயணம். அக்கா இசையவில்லை. “நானும் சாலையில்தான் வருவேன். போகிற வழியில் அந்தப் பிள்ளையின் சிலை இருக்கிறதாம். அதைப் பார்க்க வேண்டும்” என்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தார்கள். அதன்பின் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏற்றும் அறையின் சுவரில் ஓர் இளைஞனின் படம் இருந்ததாம். சுருட்டை முடி, அரைக்கால் சட்டை, வலது கால் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புக் குழாய். நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? யாரென்று தாதியிடம் கேட்டபோது, அவர் கதையைச் சொல்லி, அந்த இளைஞன் தன் ஓட்டத்தை நிறுத்திய ஊர் தண்டர் பே என்றாராம். அன்றிலிருந்து அந்த ஊரின் பெயர் அக்காவின் மனத்தில் தங்கிவிட்டது. இந்த விவரமெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பர் இறுதி வாரம். சூ செயின்ட் மேரி என்னும் ஊரைத் தாண்டியதும் இடப்பக்கம் ஏரி தொடங்கிற்று. ஏரி என்றுதான் சொல்கிறார்கள். நீளம் 560 கிலோமீட்டர், பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர், மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். பரப்பளவில் உலகின் நன்னீர் ஏரிகளுள் இதுவே முதலாவது. மறுகரை தெரியாது, அலை வீசும், புயலில் கப்பல்கள் மூழ்கியிருக்கின்றன. ஒரே ஒரு வேறுபாடு, காற்றில் உப்பின் வாடை இல்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களாகிய எங்கள் இருவருக்கும் அது என்னவோ போல் இருந்தது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் கரையில் நின்று, குனிந்து ஒரு கை அள்ளினால் குடிக்கலாம் போலத் தெளிவாக இருக்கிறது. கோடையிலும் விரல் விறைக்கும் குளிர்ச்சி.

சாலை அந்த ஏரியை ஒட்டிக் கருங்கற் பாறைகளைப் பிளந்துகொண்டு ஏறியும் இறங்கியும் செல்கிறது. வலப்பக்கம் முடிவில்லாக் காடு. பிர்ச் மரங்களின் இலைகள் மஞ்சளாகப் பழுத்திருந்தன. மூஸ் என்னும் பெரிய கடமான்கள் இரவில் சாலையின் குறுக்கே வரும் என்று எச்சரிக்கும் பலகைகள் அடிக்கடி தென்பட்டன. மொன்ட்ரியல் ஆறு என்னுமிடத்தில் ஒரு நெடிய மேடு. எங்கள் கார் முனகிக்கொண்டு ஏறிற்று. “அந்தப் பிள்ளை இந்த மேட்டையும் ஒற்றைக் காலால் ஏறியிருக்கிறானா?” என்று அக்கா கேட்டார். ஏறியிருக்கிறார். அந்த மேட்டைச் சொல்லிப் பலரும் முன்கூட்டியே அச்சுறுத்தி வைத்திருந்தார்களாம். உச்சிக்கு வந்து சேர்ந்ததும், இவ்வளவுதானா என்று கேட்டாராம்.

சனிக்கிழமை இரவு மூடுபனியில் தண்டர் பே சேர்ந்தோம். சிலை இருக்கும் குன்று ஊருக்குள் நுழையும் முன்பே வருகிறது. ஆயினும் அந்தப் பனியில் விளக்குக் கம்பங்களே தெரியவில்லை. காலையில் பார்க்கலாம் என்று விடுதிக்குப் போய்விட்டோம்.

இந்த ஊரின் பெயருக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. முன்பு இங்கே போர்ட் ஆர்தர், ஃபோர்ட் வில்லியம் என்று அடுத்தடுத்து இரண்டு பட்டணங்கள் இருந்தன. பங்காளிகளைப் போல நெடுங்காலம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தவை. 1970 ஜனவரி முதல் நாள் இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். புதுப் பட்டணத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று 1969-இல் வாக்கெடுப்பு நடந்தது. ‘தண்டர் பே’க்கு 15,870 வாக்குகள், ‘லேக்ஹெட்’டுக்கு 15,302 வாக்குகள். வாக்குச் சீட்டில் மூன்றாவதாக இருந்த பெயரும் அதே ‘லேக்ஹெட்’தான், முன்னால் ‘தி’ என்னும் ஓர் ஆங்கிலச் சொல் மட்டும் கூடுதல். அதற்கு 8,377 வாக்குகள் விழுந்தன. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்! ஏரியின் தலைப்பகுதி என்று பொருள்படும் பெயரைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள், கிடைத்தது இடி.

காலையில் பனி விலகியதும் ஏரிக்கு நடுவே ஒரு மனிதர் மல்லாந்து படுத்திருந்தார். தலை, மார்பு, மடித்த கைகள், நீட்டிய கால்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஊரின் எந்தத் தெருவிலிருந்து கிழக்கே பார்த்தாலும் தெரியும் பாறைமலை இது. இதற்கு உறங்கும் பெருமகன் என்று பெயர். இந்த மண்ணின் மூத்த குடிகளாகிய ஓஜிப்வே மக்கள் இவரை நானபிஜு என்று அழைப்பர். தம் மக்களுக்கு அவர் வெள்ளி இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுத்து, வெள்ளையர் காதுக்கு அது எட்டினால் தான் கல்லாகிவிடுவதாக எச்சரித்திருந்தார் என்பது கதை. கதை எப்படியாயினும் வெள்ளி மெய்தான். பெருமகனின் காலடியில் ஏரிக்குள் துருத்திக்கொண்டிருந்த ஒரு சிறு பாறைத் திட்டில் 1868-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். சுற்றிலும் மரச்சுவர் எழுப்பி, நீரை இறைத்துக்கொண்டே ஏரி மட்டத்துக்குக் கீழே முந்நூறு மீட்டருக்கும் அதிகமாகத் தோண்டினார்கள். 1883-இல் குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் நிலக்கரி ஏற்றிய கப்பல் வந்து சேரவில்லை. இறைப்பான்கள் நின்றன. ஏரி தன் இடத்தை எடுத்துக்கொண்டது.

துறைமுகத்தில் வரிசையாக நிற்பவை தானியக் களஞ்சியங்கள். சன்னல் இல்லாத வெண்ணிறக் கோபுரங்கள். மேற்குப் புல்வெளி மாநிலங்களில் விளையும் கோதுமை ரயிலில் இங்கே வந்து இறங்கி, கப்பலேறி, ஏரிகளையும் மடைகளையும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றையும் கடந்து அட்லாண்டிக் கடலை அடைகிறது. 1959-இல் அந்தக் கால்வாய்த் தடம் திறந்த பிறகு கடற்கப்பல்களே நேராக இதுவரை வந்து சரக்கேற்றுகின்றன. கடலிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடல் மட்டத்துக்கு 183 மீட்டர் உயரத்தில், ஒரு துறைமுகம்! முன்பு இருபதுக்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் இயங்கினவாம். இன்று வேலை செய்பவை சிலவே. மற்றவை புறாக்களுக்கு வீடாகிவிட்டன.

அப்படியே இன்னொன்றும் போய்விட்டது. இந்த ஊரில் ஃபின்லாந்து நாட்டிலிருந்து வந்து குடியேறியோர் மிகுதி. காடுகளில் மரம் வெட்டிய அந்த உழைப்பாளிகள் 1910-இல் தங்களுக்கென்று ஒரு மன்றம் கட்டினார்கள். 1918-இல் தம்முள் பணம் திரட்டி, அதன் கீழ்த்தளத்தில் மலிவு விலையில் வயிறார உண்ண ஓர் உணவுக்கூடம் தொடங்கினார்கள். ‘ஹொய்டோ’ என்று அதற்குப் பெயர். அவர்கள் மொழியில் பராமரிப்பு என்று பொருளாம். நூறாண்டு நடந்த அந்தக் கூடம் 2020-இல் மூடப்பட்டது. 2021 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், கட்டடமே தீயில் அழிந்தது. அதன் தட்டையான பெரிய அப்பங்களைப் பற்றி அக்கா மகன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். மாணவனாக ஒருமுறை வந்தபோது உண்டிருக்கிறான். அந்தத் தெருவில் காரை நிறுத்திச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதற்கு ஈடாக ‘பெர்ஷியன்’ என்னும் பணியாரம் வாங்கித் தந்தான். இலவங்கப்பட்டை சேர்த்துப் பொரித்து, மேலே பழச்சுவையுள்ள இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பாகு பூசியது. இந்த ஊரைத் தவிர வேறெங்கும் எளிதில் கிடைக்காதாம். ஒன்றுக்கு மேல் என்னால் முடியவில்லை. அத்தனை இனிப்பு.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து குன்றுக்குப் போனோம்.

ஒன்பது அடி உயர வெண்கலச் சிலை. கருங்கல் பீடம். அதன் அடித்தளத்தில் இந்தப் பகுதியில் கிடைக்கும் செவ்வந்திக் கற்களையும் பதித்திருக்கிறார்கள். பின்னால் ஏரியும் உறங்கும் பெருமகனும். சிலை மேற்கு நோக்கி ஓடுகிறது. முகத்தில் வெற்றிக் களிப்பெதுவும் இல்லை. உதட்டை இறுக்கி வலியைப் பொறுத்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்து வைக்கும் முகம். 1982-இல் திறந்து வைத்தார்கள்.

டெர்ரி ஃபாக்ஸ் 1958 ஜூலை 28-இல் வின்னிபெக் நகரில் பிறந்து, பசிபிக் கரையோர மாநிலத்தில் வளர்ந்தவர். கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். 1977 மார்ச்சில், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோய் காரணமாக வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அறுவைக்கு முந்தைய இரவு, அவருடைய பயிற்சியாளர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். கால் இழந்த ஒருவர் நியூயார்க் மராத்தான் ஓட்டத்தை ஓடி முடித்த செய்தி அதில் இருந்தது. மருத்துவர்கள் டெர்ரியிடம் சொன்ன கணக்கு இது: பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது, இரண்டே ஆண்டுகளுக்கு முன் இந்நோய் வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்துதான். இடையில் நடந்தது ஆராய்ச்சி. இதை அவர் மறக்கவில்லை. மருத்துவமனையில் தம்முடன் இருந்த குழந்தைகளையும் மறக்கவில்லை.

1980 ஏப்ரல் 12-இல் நியூஃபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் நீரில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். நோக்கம், நாட்டின் மறுகோடியிலுள்ள பசிபிக் கடல்வரை ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது. நண்பர் டக் ஆல்வர்ட் வேனை ஓட்டிக்கொண்டு உடன் சென்றார். பின்னர் தம்பி டாரலும் சேர்ந்துகொண்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர், அதாவது அன்றாடம் ஒரு முழு மராத்தான். இடது காலால் இரண்டு தத்தல், செயற்கைக் காலால் ஓர் அடி, மீண்டும் இரண்டு தத்தல். வெட்டுண்ட தொடை உராய்ந்து இரத்தம் கசியும். தொடக்கத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்னும் சிறு துறைமுக ஊரின் மக்கள் பத்தாயிரம் பேர் பத்தாயிரம் டாலர் தந்தனர். அதிலிருந்துதான் ஆளுக்கொரு டாலர் என்னும் எண்ணம் வளர்ந்தது. அன்று கனடாவின் மக்கள் தொகை இரண்டு கோடியே நாற்பது லட்சம். தம் பொருள்களை விளம்பரப்படுத்தச் சொல்லிப் பணம் தர முன்வந்த நிறுவனங்களை அவர் ஏற்கவில்லை.

நாங்கள் காரில் வந்த சாலையில்தான், டெரஸ் பே என்னும் ஊருக்கருகில், க்ரெக் ஸ்காட் என்னும் பத்து வயதுச் சிறுவன் அவரைச் சந்தித்தான். அவனும் அதே நோயால் ஒரு காலை இழந்தவன். டெர்ரிக்குப் பின்னால் சைக்கிளில் சில கிலோமீட்டர் சென்றான். இருவரும் ஒன்றாக நீந்தினார்கள். அந்தச் சிறுவனையும் பின்னர் அந்நோய் கொண்டுபோயிற்று.

செப்டம்பர் முதல் நாள் தண்டர் பே ஊருக்கு வெளியே இருமல் வந்தது, நெஞ்சு வலித்தது. சாலையின் இருபுறமும் மக்கள் நின்று, உன்னால் முடியும் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கும்போது நிற்க மனம் வரவில்லை. மக்கள் இல்லாத இடம் வரும்வரை ஓடிவிட்டு வேனில் ஏறினார்; மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள்கள், 5,373 கிலோமீட்டர். வரவேண்டிய தொலைவில் பாதிக்கு மேல் வந்துவிட்டார். அடுத்த பிப்ரவரிக்குள் இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலரும் சேர்ந்துவிட்டது. 1981 ஜூன் 28-இல், இருபத்து மூன்றாம் பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அவர் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, ஆண்டுதோறும் அவர் பெயரால் மக்கள் பல நாடுகளில் ஓடுகிறார்கள். இதுவரை திரண்ட தொகை 80 கோடி டாலருக்கும் மேல்.

இவற்றையெல்லாம் அக்கா மகன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா சிலையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு அந்த இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் எதிர்பார்த்ததுபோல அவர் அழவில்லை.

“நெஞ்சு வலியும் தலைச்சுற்றலும் முன்பே இருந்திருக்குமே. பரிசோதனைக்குப் போனானா?” என்று கேட்டார்.

அவன் சற்றுத் தயங்கினான். “இல்லை, அம்மா. வழியில் மருத்துவரைப் பார்க்கச் சொன்னவர்களிடம் அவர் பிடிகொடுக்கவில்லை.”

“அப்படியானால் அதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். ஓடட்டும்; ஓடியது பெரிய காரியம். ஆனால் பரிசோதனையை விட்டுவிட்டு ஓடியிருக்கக் கூடாது. அவனைப் பெற்றவள் ஒருத்தி இருந்தாளே!”

சிலைகளுக்கு முன் நின்று இப்படிப் பேசுவோர் சிலரே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் மருத்துவமனைக்குச் சென்று, முடிவு வரும்வரை இரவில் உறங்காமல் இருப்பவருக்கு அந்த உரிமை உண்டு என்று நான் கருதினேன். அந்தத் தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகன் நாட்டின் குறுக்கே ஓடப் போகிறேன் என்றபோது பெட்டி ஃபாக்ஸ் அதற்கு இசையவில்லை. பைத்தியக்கார எண்ணம் என்றே சொன்னார். தண்டர் பேயிலிருந்து செய்தி வந்ததும் கணவரோடு விமானமேறி மகனிடம் வந்து சேர்ந்தார். அவன் இறந்த பின் முப்பது ஆண்டுகள், 2011-இல் தாம் இறக்கும்வரை, ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகச் சென்று அவன் கேட்ட பணத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் மறுத்ததுபோல் விளம்பர நிறுவனங்களைத் தாமும் மறுத்தார். இதைக் கேட்ட பிறகு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பீடத்தின் ஓரத்தில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, “வாருங்கள், போகலாம். குளிர்கிறது” என்றார்.

பிற்பகலில் பழைய கோட்டைக்குப் போனோம். 1803-இல் வடமேற்குக் கம்பெனி என்னும் மென்மயிர்த் தோல் வணிகர்கள் காமினிஸ்டிக்வியா ஆற்றின் முகத்தில் அமைத்த கோட்டையை, ஆற்றின் மேற்பகுதியில் அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்நாளில் மே மாதம் மொன்ட்ரியலில் புறப்பட்ட படகோட்டிகள், பதினொரு மீட்டர் நீளமுள்ள மரப்பட்டைப் படகுகளில் சரக்கோடு ஜூலையில் இங்கே வந்து சேர்வார்கள். மேற்கே காட்டில் குளிர்காலத்தைக் கழித்த மற்றொரு கூட்டம் தோல்களோடு வந்து சேரும். சரக்கும் தோலும் கைமாறும். விருந்தும் கூத்துமாகச் சில வாரங்கள் கழித்து அவரவர் வந்த வழியே திரும்பிவிடுவர். ஆற்றில் படகு செல்ல முடியாத இடங்களில் ஒவ்வொருவரும் 41 கிலோ எடையுள்ள மூட்டைகள் இரண்டை ஒரே நடையில் சுமக்க வேண்டும். அங்கே வைத்திருந்த ஒரு மூட்டையை நான் தூக்கிப் பார்த்தேன். முழங்கால்வரைகூட உயரவில்லை.

அந்த வாணிபத்தின் தோள்களாக இருந்த ஓஜிப்வே மக்கள் இன்று ஆற்றுக்குத் தெற்கே, தட்டையான தலையுடைய ஓர் இடிமலையின் அடிவாரத்தில் வாழ்கிறார்கள். 1849-இல் இயேசு சபைக் குருக்களாகிய ஷோனேயும் ஃப்ரெமியோவும் அவர்களிடையே ஒரு பணித்தளம் நிறுவினர். மறு ஆண்டே அம்மக்களும் பிரித்தானிய அரசும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நிலத்தின் வருவாய் பெருகினால் மக்களுக்கு ஆண்டுதோறும் தரும் தொகையும் பெருகும் என்பது பேச்சு. தலைக்கு 4 டாலர் என்று 1875-இல் உயர்த்தியதோடு சரி, அதன்பின் ஏறவேயில்லை. காட்டையும் சுரங்கத்தையும் கொண்டு நாடு எவ்வளவோ செழித்தது. அவர்களுக்கு அந்த நான்கு டாலர்தான். அரசு தன் வாக்கைக் கேலிக்கூத்தாக்கிவிட்டது என்று 2024 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1905-இல் ரயில் பாதைக்கென்று அவர்கள் நிலத்தில் பெரும்பகுதியும் எடுக்கப்பட்டு, பணித்தளத்துக் கிராமமும் கல்லறைத் தோட்டமும் இடம்பெயர்ந்தன.

இதைவிடக் கசப்பானது ஒன்றுண்டு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென எழுதும்போது அதை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்த ஊரில் 1870-இல் தொடங்கப்பட்டு, புனித சூசையப்பர் சபைக் கன்னியர் நடத்திய அனாதை இல்லம், பின்னர் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியாயிற்று, 1960-களில்தான் மூடப்பட்டது. கனடா முழுவதிலும் இத்தகைய பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை. வீடு திரும்பாமலேயே இறந்தவர் பல்லாயிரவர். இப்பள்ளிகளுள் பாதிக்கு மேல் நம் திருச்சபையைச் சேர்ந்த சபைகளின் பொறுப்பில் இருந்தவை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் சக்கர நாற்காலியில் கனடாவுக்கு வந்து, அம்மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார். காலையில் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, ஓஜிப்வே இனத்து மூதாட்டி ஒருவர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். தம் தாய் அந்தப் பள்ளியில் பயின்றவர் என்றும், பிள்ளைகளுக்குத் தண்டனை வந்துவிடக் கூடாதே என்று அஞ்சிக் கடைசிவரை வீட்டில் தம் மொழியைப் பேசாமலே இறந்துபோனார் என்றும் சொன்னாராம். “அப்படியிருந்தும் கோவிலுக்கு வருகிறீர்களே?” என்று அக்கா கேட்டாராம். அக்கா எதையும் நேராகவே கேட்டுவிடுவார். “கோவில் அவர்களுடையது மட்டுமா?” என்று மூதாட்டி பதில் சொன்னாராம்.

அந்தப் பழைய பள்ளியோடு கதை முடிந்துவிடவுமில்லை. வடக்கே, சாலையே இல்லாத கிராமங்களில் இன்றும் பலவற்றில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளைகள் விமானத்தில் தண்டர் பேக்கு வந்து, அறியாத வீடுகளில் தங்கிப் படிக்க வேண்டும். 2000-க்கும் 2011-க்கும் இடையே அவ்வாறு வந்தவர்களுள் ஏழு பேர் இந்த ஊரில் இறந்தனர். ஐவரின் உடல்கள் ஆறுகளில் கிடைத்தன. நெடுநாள் விசாரணைக்குப் பின் 2016 ஜூன் 28-இல் 145 பரிந்துரைகள் தரப்பட்டன. அதே தேதியில்தான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் டெர்ரி இறந்தார். அவருக்காக நாடே சாலையோரம் வந்து நின்றது. இந்த ஏழு பேருக்கு அப்படி யாரும் நிற்கவில்லை. மாலையில் நாங்கள் கடந்த தெருக்களில் பல வீட்டு வாசல்களில் ஆரஞ்சு நிறச் சட்டைகள் தொங்கின. விடுதிப் பள்ளிப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டம்பர் 30 நெருங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். உறங்கும் பெருமகன் சிறிது நேரம் காரின் பின்கண்ணாடியில் தெரிந்து, பிறகு மறைந்தார். ஏரி போய்விட்டது, இனிக் காடு மட்டுமே. டெர்ரி ஓடாத சாலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அவருக்கு மிஞ்சியிருந்த தொலைவு மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. அதை அக்கா மகன் சொன்னபோது யாரும் பதில் பேசவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றதும் சாலையோரம் ஒரு பலகை. இதுவரை எல்லா ஓடைகளும் சுபீரியர் ஏரி வழியாக அட்லாண்டிக் கடலுக்குச் சென்றன. இனிப் பாய்பவை யாவும் வட துருவக் கடலை நோக்கிச் செல்லும் என்று அதில் எழுதியிருந்தது. நிலத்தில் ஒரு மேடோ பள்ளமோ கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குச் சற்றுத் தொலைவில் இன்னொரு பலகை: இங்கிருந்து நேரம் மாறுகிறது, கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைத்துக்கொள்ளவும்.

“மாமா, நமக்கு ஒரு மணி நேரம் லாபம்” என்றான் அக்கா மகன்.

அக்கா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, முள்ளை மெல்லப் பின்னுக்குத் திருகினார்.